கூப்பிட்டால் கேட்காத தூரம்

கம்சாத் ஒரு முழு ராத்திரி தூங்கி நாலு வருடமாகிறது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது. மாமியார் ஷரிபா குளியலறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் விரிசல் கண்ட நாளிலிருந்து, இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள கதவைச் சாத்துவதில்லை. "மருமவளே" என்று ஒரு குரல் வரும். தண்ணீர். கண் அசரும் நேரத்தில் இன்னொரு குரல். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். அப்புறம் ஜன்னல். திறந்தால் குளிர், மூடினால் புழுக்கம். கணவன் ஓராஸ் பக்கத்தில் மரக்கட்டை போலக் கிடப்பான். ஊரில் நாய் குரைத்தால் விழித்துக்கொள்கிற மனிதனுக்கு, பெற்ற தாயின் குரல் மட்டும் காதில் ஏறாது.

விடிந்தால் டிராலிபஸ் டிப்போ. எந்த வண்டி எந்தத் தடத்தில் கிளம்ப வேண்டும் என்று மைக்கில் சொல்வது கம்சாத்தின் வேலை. அல்மாட்டி நகரத்தின் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, ஓட்டுநர்களுக்கெல்லாம் அவள் கொட்டாவி தெரியும்.

"அக்கா, உங்க கொட்டாவி மைக்குல வந்து நம்ம வண்டியில பாதி ஜனம் தூங்கிடுச்சு. டிக்கெட் கேட்டா திட்றாங்க" என்பான் ஒருத்தன்.

"தூங்கறவங்கள எழுப்பாத, பாவம் வரும். வண்டிய எடு" என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஹூஸ்டனிலிருந்து ஓராஸின் அண்ணன் கைர்பெக் போன் செய்தார். எண்ணெய்க் கம்பெனியில் பெரிய வேலை, இருபது வருடமாக அங்கேதான். அவருடைய பேரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டானாம். குல வழக்கப்படி, அவன் முதல் அடி எடுத்துவைக்கும் முன் காலில் கட்டுகிற கயிற்றைக் கொள்ளுப்பாட்டி வந்து அறுக்க வேண்டுமாம்.

டாக்டர் யோசித்துவிட்டுச் சொன்னார்: உட்கார்ந்துகொண்டு போவது ஆகாது, படுத்துக்கொண்டு போக முடியுமென்றால் போகலாம்.

"பிசினஸ் கிளாஸ் போட்டுடலாம்மா" என்றார் கைர்பெக். "அம்மாவுக்கும், கூட வர்றவங்களுக்கும். பணத்தப் பத்தி நெனைக்காத. எது வசதின்னு பாத்து எடுக்கறது மட்டும் உன் பொறுப்பு."

கூட வருவது யார் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய கேள்வியா அது?

கம்சாத்தின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான். படுத்துக்கொண்டு. மாமியாருக்கு ஒரு படுக்கை என்றால் கூடப் போகிறவளுக்கும் ஒரு படுக்கை. ஆகாயத்தில், சமையலறை இல்லாத இடத்தில், வேறு யாரோ தேநீர் ஊற்ற, தான் காலை நீட்டிக்கிடக்கிற காட்சி அவளுக்குக் கண்முன் வந்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்குக்கூட அப்படி நெஞ்சு அடித்துக்கொண்டிருக்காது.

அன்றிலிருந்து அவள் விமானப் பைத்தியமானாள். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் கைப்பேசியில் இருக்கைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் மிஞ்சியது. கடைசியில் டிப்போவுக்கு எதிரிலுள்ள டிக்கெட் ஏஜென்சிக்குப் போனாள். அங்கே லாரிசா கிம் என்ற கொரியப் பெண் இருந்தாள். ஊரிலுள்ள பணக்காரர்களையெல்லாம் அனுப்பிவைத்துவிட்டுத் தான் மட்டும் இருக்கையை விட்டு எழாத பெண்.

"இது எப்படி?" என்று ஒரு படத்தைக் காட்டினாள் கம்சாத்.

"ஐயோ, அது வேண்டாங்க்கா. ஐரோப்பா வழியா போறது. முதல் பாதிக்கு பேருதான் பிசினஸ் கிளாஸ். சாதாரண சீட்டுதான், நடுவுல ஆள உக்காரவைக்க மாட்டாங்க, அவ்ளோதான் வசதி."

"அப்ப இது?"

"அது பழைய விமானம். சாயும், ஆனா மட்டமாகாது. சறுக்குமரத்துல படுத்த மாதிரி இருக்கும். உங்க மாமியார் ஹூஸ்டன் போய்ச் சேர்றதுக்குள்ள கால்மாட்டுக்கு வந்துடுவாங்க."

கம்சாத் சிரித்தாள். சிரித்து நாளாகிவிட்டதால் தாடை வலித்தது.

கடைசியில் இஸ்தான்புல் வழி முடிவாயிற்று. அங்கே இரண்டு மணி நேரம் காத்திருந்தால் போதும், சக்கர நாற்காலி உண்டு. அதற்கப்புறம் பதின்மூன்று மணி நேரம் ஒரே ஓட்டம். இருக்கை முழுக்க மட்டமாகிக் கட்டிலாகிவிடும். லாரிசா திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"நடுவுல ரெண்டு சீட்டு ஒட்டினாப்புல இருக்கு. மாமியார் மருமகள்னா எல்லாரும் இதத்தான் எடுப்பாங்க. கைய நீட்டினா தொட்டுடலாம்."

கம்சாத் அந்த இரண்டு கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"தள்ளி இருக்கறது இல்லையாம்மா?"

"எவ்ளோ தள்ளி?"

கம்சாத் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "கூப்பிட்டா கேக்காத தூரம்."

லாரிசா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "எனக்கும் மாமியார் இருக்காங்கக்கா" என்றாள் மெதுவாக. அப்புறம் அலுவலகக் குரலில், "முதல் வரிசைய அவங்களுக்குக் குடுத்துடலாம். இருக்கறதுலயே அதுதான் விசாலம், கழிவறை எதுத்தாப்புலயே. நாலாவது வரிசை ஜன்னல் உங்களுக்கு. நடுவுல ரெண்டு வரிசை. பணிப்பெண்கள் அவங்களப் பாத்துப்பாங்க."

நியாயமான ஏற்பாடு. யார் கேட்டாலும் சொல்லிக்கொள்ளக் காரணமும் இருந்தது. கழிவறை பக்கம். கம்சாத் அந்தக் காரணத்தை வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வழியனுப்புச் சாப்பாடு. தரையில் பெரிய விரிப்பு விரித்து, வாசலுக்கு நேரெதிரே, சுவரோரம், பெரியவர்களுக்கென்று விடுகிற மேலிடத்தில் ஷரிபா தலையணைகளில் சாய்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு பக்கம் கொழுந்தனார் பெய்சென், அப்புறம் வயதுப்படி மற்றவர்கள். வாசலோரம், தேநீர்க் கெண்டிக்குப் பக்கத்தில், ஒரு காலை மடித்துக் கம்சாத். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இடம் அது. யாரை எங்கே உட்காரவைப்பது என்பதில் இத்தனை வருடத்தில் அவள் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அதற்காகவே உறவு முழுக்க அவளுக்கு நல்ல பெயர்.

"விமானத்துல ஆட்டுத்தலைய யாருக்கு முன்னால வைப்பாங்க?" என்று கேட்டார் பெய்சென், மரியாதைக்காகத் தன் முன்னால் வைத்த ஆட்டுத்தலையின் ஒரு காதை வெட்டிப் பேரனிடம் நீட்டியபடி.

"பைலட்டுக்குத்தான் சித்தப்பா" என்றான் ஓராஸ்.

எல்லோரும் சிரிக்க, நாத்தனார் மக்பால் கைப்பேசியில் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குக் கடைக்குட்டி, தாயை வந்து பார்ப்பது மாதம் ஒருமுறை, குறை கண்டுபிடிப்பது ஒவ்வொரு முறையும்.

"அண்ணி. கதவு எந்தப் பக்கம்?"

"எந்தக் கதவு?"

"விமானத்துக் கதவு. ஏறுற கதவு."

"முன்னால" என்றாள் கம்சாத். சொன்ன மாத்திரத்தில் அவளுக்கு உறைத்துவிட்டது. கையிலிருந்த கெண்டி கனத்தது.

"அப்ப எங்கம்மாவ வாசப்படியில உக்காரவெச்சிருக்கீங்க" என்றாள் மக்பால், ஒவ்வொரு சொல்லாக. "சமையக்கட்டுக்கும் கக்கூஸுக்கும் நடுவுல. நீங்க மட்டும் உள்ள, மேலிடத்துல, ஜன்னல் ஓரமா. நல்லா இருக்கு அண்ணி. ரொம்ப நல்லா இருக்கு."

பெய்சென் கத்தியைக் கீழே வைத்தார்.

"முதல் வரிசைதான் ஒசத்தியாம்" என்றாள் கம்சாத். "கழிவறை பக்கம்னு..."

"யாரு சொன்னா?"

"டிக்கெட்காரப் பொண்ணு."

"அவ வீட்டுல வாசல்ல உக்காருவாங்க போல."

ஷரிபா மகளைக் கையமர்த்தினாள். பிறகு பொக்கை வாயை ஒருமுறை சுழற்றிவிட்டு, "பரவால்ல விடு. வயசானவ எங்க கெடந்தா என்ன. செருப்ப வுடற எடத்துலகூடக் கெடப்பேன்" என்றாள். அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கம்சாத்துக்கு முகம் எரிந்தது. திட்டு வாங்கியது புதிதில்லை. கழிவறைக் காரணத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த இன்னொரு காரணத்தை மக்பால் மோப்பம் பிடித்துவிட்டாளோ என்பதுதான் பயம். மாமியாருக்கு எட்டாத இடத்தில் படுத்துத் தூங்க ஆசைப்பட்டாள் என்று ஒரு சொல் வெளியே போனால், இத்தனை வருடம் ஊற்றிய தேநீரெல்லாம் வீண்.

மறுநாள் லாரிசா இருக்கைகளை மாற்றிக் கொடுத்தாள். மாமியாருக்கு நாலாவது வரிசை, மருமகளுக்கு வாசலோரம்.

"கவலப்படாதீங்கக்கா. யாரு எங்க இருந்தா என்ன, தூரம் அதே தூரம்தான்."

அதைத்தான் கம்சாத்தும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினாள்.

இஸ்தான்புல் தாண்டியதும் பணிப்பெண் வந்து பொத்தானை அழுத்தினாள். இருக்கை முனகிக்கொண்டே நீண்டு, உண்மையாகவே கட்டிலாயிற்று. மேலே மெத்தென்று ஒரு விரிப்பு, ஒரு போர்வை. கம்சாத் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். இடுப்பு எலும்புகள் ஒவ்வொன்றாக இடம் தேடி அமர்ந்தன. வெளியே பகல், ஜன்னல் திரைகளை இறக்கி அறையை இருட்டாக்கியிருந்தார்கள். எதிரே திரைச்சீலைக்கு அப்பால் கோப்பைகள் உரசுகிற சத்தம். அவள் வாழ்நாள் முழுக்கக் கேட்ட சத்தம்தான். கழுவுவது தானில்லை என்று நினைத்துக்கொண்டாள். கண் மூடியது.

தோளை யாரோ தொட்டார்கள். பணிப்பெண். பாஷை இருவருக்கும் பாதிப் பாதி. நாலாவது வரிசையைக் கையால் காட்டினாள்.

ஷரிபா எழுந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் விளிம்பு வரை நிறைந்த தேநீர்க் கோப்பை.

"பாத்தியா இவ செஞ்சத? முழுசா ஊத்தி வெச்சுட்டுப் போறா. குடிச்சிட்டுக் கெளம்புன்னு அர்த்தம். எங்கடி கெளம்பறது? மேகத்துலயா?"

"அவங்க வழக்கம் அது அத்தே."

"எனக்கு என் வழக்கம்."

கம்சாத் கெண்டி வாங்கிவந்து, கோப்பையின் அடியில் கொஞ்சமாக ஊற்றி, பால் கலந்து கொடுத்தாள். தீர்ந்ததும் மறுபடி கொஞ்சம். அப்புறம் மறுபடி. முடித்து வந்து படுத்த சூடு முதுகில் ஏறுவதற்குள் மறுபடி தோளில் கை. இம்முறை கழிவறை. மாமியாரை அணைத்துப் பிடித்து, ஒவ்வொரு வரிசையாக முன்னால் நடத்தி வந்தாள். திரும்பவும் கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே. அத்தனை தேநீருக்கு அது நியாயம்தான்.

மூன்றாவது தடவை கழிவறையிலிருந்து வெளியே வந்த ஷரிபா, நடக்காமல் கம்சாத்தின் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது. கட்டிலைப் பார்த்தாள், கழிவறைக் கதவைப் பார்த்தாள், உள்ளே இருட்டில் நீளுகிற வழியைப் பார்த்தாள்.

"இங்கயே படுத்துக்கறேன்."

"இது வாசலோரம் அத்தே."

"தெரியுது. எனக்கென்ன கண்ணா இல்ல?" ஷரிபா அப்படியே உட்கார்ந்தாள். "மூத்திரத்துக்கு ஏதுடி மேலிடம்? இங்க எவ பாக்கறா? மக்பாலா வந்து எட்டிப் பாக்கப் போறா?"

"நான் கீழ உக்காந்துக்கறேன்..."

"எதுக்கு? என் மூஞ்சியப் பாத்துக்கிட்டிருக்கவா? நீ போய் அங்க கெட." காலைத் தூக்கி மேலே வைக்கச் சொல்லி, போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். "நீ நிக்கற நிப்பு சரியில்ல. விழுந்து தொலச்சேன்னா உன்ன யாரு தூக்கறது?"

கம்சாத் தனியாக அந்த வழியில் நடந்தாள். நாலாவது வரிசை ஜன்னலோரம் வெதுவெதுப்பாக இருந்தது. மாமியாரின் தைல வாசனை. படுத்தாள். தூக்கம் வரவில்லை. நாலு வருடப் பழக்கத்தில் காது தானாகவே அந்தக் குரலுக்குக் காத்திருந்தது. விமானத்தின் இரைச்சல் தவிர வேறெதுவும் வரவில்லை. ஒருமுறை எழுந்து எட்டிப் பார்த்தாள். முன்னால் பணிப்பெண் குனிந்து ஷரிபாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போகலாமா என்று நினைத்தாள். நினைத்ததுதான் அவளுக்கு நினைவிருக்கிறது.

அதற்கப்புறம் சாப்பாடு வந்ததும் போனதும் தெரியாது. சக்கரம் தரையில் மோதியபோதுதான் விழித்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. எந்த ஊர், எந்தக் கிழமை என்று பிடிபடச் சற்று நேரமானது.

கைர்பெக்கின் காரில் பின்னிருக்கையில் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியதும் கைர்பெக், மக்பாலைக் கைப்பேசித் திரையில் கூப்பிட்டுத் தாயிடம் கொடுத்தார்.

"வந்து சேந்தாச்சு. முதுகு நல்லா இருக்கு" என்று ஆரம்பித்தாள் ஷரிபா. "பாதி வழி வாசல்லதான் வந்தேன். ஆமா, கக்கூஸுக்கு எதுத்தாப்புல. உங்க அண்ணி மேலிடத்துல கெடந்தா, பிரேதம் மாதிரி. சோறு வேணுமா தண்ணி வேணுமான்னு ஒரு வார்த்த கேக்கல."

கைர்பெக் கண்ணாடியில் பார்த்தார். கம்சாத் வாயைத் திறக்கப் போனாள். எங்கிருந்து ஆரம்பிப்பது? தேநீரிலிருந்தா, அந்த இருட்டு வழியில் மூன்று முறை நடந்ததிலிருந்தா? நீளமான கதை. சொல்லி முடிக்கத் தெம்பில்லை. இந்தப் பேச்சு அல்மாட்டிக்குப் போகும், பெய்சென் வீட்டுக்குப் போகும், டிப்போவுக்குக்கூடப் போகும். போகட்டும். தூங்கியது உண்மைதானே.

திரையில் மக்பால் இரைந்தாள். "போனை அண்ணிகிட்ட குடும்மா. குடுங்கறேன்ல!"

ஷரிபா திரும்பி மருமகளைப் பார்த்தாள். கம்சாத் கண்ணை மூடித் தலையை ஜன்னல் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டாள்.

"எங்கேடி குடுக்கறது?" என்றாள் கிழவி. "இன்னும் தூங்கறா."

மக்பால் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். கம்சாத்துக்குப் பாதிவரைதான் காதில் விழுந்தது.