யானைக்கு வராத சீக்கு

என் இடது மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று ரிசல்ட் வந்த அன்று நான் அழவில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவள். செல் தறிகெட்டால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எனக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர்தான் ஆட்டோ பிடிக்கிறேன் என்று வாசலுக்குப் போய், வெறுமனே திரும்பி வந்து, "எதுக்கு வெளிய போனேன்?" என்று என்னையே கேட்டார்.

நாங்கள் இருக்கும் இந்த மலையாள ஊரில், சாலை பஜாரில் அவருக்கு அரிசி மொத்த வியாபாரம். பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். தெருக்கோடி வரை கேட்கிற குரல், அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் மட்டும் அடைத்துக்கொள்ளும். அவர் குடும்பத்தில் யாரும் அந்த நோயின் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அது வீடு தேடி வந்துவிடுமாம். வந்தே விட்டது, இனி எதற்குப் பத்தியம் என்று கேட்டாலும் மசியமாட்டார். நோயை "அது" என்றுதான் சொல்வார். பெங்களூரில் இருக்கும் மகனிடமும் என் தங்கையிடமும் மூச்சுவிடக் கூடாது என்று கட்டளை வேறு.

அந்தப் பிடிவாதத்தால் ஆபரேஷனே தள்ளிப்போனது. இங்கே ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையிருப்பவரை பைஸ்டாண்டர் என்பார்கள். அவரும் கையெழுத்துப் போட வேண்டும். அன்று நர்ஸ் காகிதத்தை இவர் முன்னால் வைத்து, நோய் என்ன, ஆபரேஷன் என்ன என்று உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றாள். இவர் விஷயம் புரிந்துதான் கையெழுத்துப் போடுகிறாரா என்று அவள் பார்க்க வேண்டாமா? இவர், "கடைக்கு லோடு வந்திருக்கு" என்று எழுந்து போய்விட்டார். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சீப்பு நேந்திரம் பழத்தோடு வந்தார். அதற்குள் எங்கள் ஆபரேஷன் நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்து, எங்களை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்கள். கட்டி காத்திருக்குமா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆனால் முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த மனுஷனைத் திட்டி வழிக்குக் கொண்டுவர முடியாது என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் பாடமாகவே ஆரம்பித்தேன்.

"இது பிராணிங்களுக்கும் வாரதுதாங்க. சிலதுக்குத்தான் அபூர்வம். ஆப்பிரிக்காவுல முடியே இல்லாத எலி ஒண்ணு வளைக்குள்ள இருக்கு. அதுக்கு வாரதே ரொம்பக் குறைவு."

"எலிக்கு வராதது ஒனக்கு வருதாக்கும்?" என்றார். எலியிடமிருந்து மூட்டைகளைக் காப்பாற்றியே தலை நரைத்தவர். அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

சரி என்று யானைக்கு மாறினேன். அத்தனை பெரிய உடம்பு, எண்ண முடியாத செல்கள், ஆயுசும் ஏறக்குறைய நம்மைப்போல. நியாயமாகப் பார்த்தால் நம்மைவிட யானைக்குத்தான் அதிகம் வர வேண்டும், வருவதோ குறைவு. செல் பழுதாகிறதா என்று காவல் பார்க்கிற மரபணு நமக்கு ஒரு ஜோடிதான். யானைக்கு அதில் இருபது ஜோடி வரை இருக்கின்றன. பழுதான செல்லை யானையின் உடம்பு தாட்சண்யம் பார்த்து வைத்துக்கொள்வதில்லை; சந்தேகம் வந்தாலே சாகவிட்டுவிடும். இது மட்டும்தான் காரணமா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். கடைசியில் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில் குளித்துவிட்டு வா என்று ஒரு கோயில் வளாகத்துக்குக் கூட்டிப்போனார். யானை பனையோலை தின்றுகொண்டிருந்தது. அதற்குச் சோறு பொங்க அரிசி வாங்குவது இவர் கடையில்தான், அதனால் பாகன் பழக்கம். பயந்து அழும் குழந்தைகளை யானையின் வயிற்றுக்கு அடியில் மூன்று தடவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் விட்டு எடுத்தால் பயம் தெளியும் என்பது இந்த ஊர் வழக்கம்.

"கொச்சு எவிடெ?" என்றார் பாகன், குழந்தையைத் தேடிக்கொண்டு.

"கொச்சு இல்ல, இவளுக்குத்தான்" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு என் பக்கம் குனிந்து, "இருபது காவல் இருக்குன்னியே. அதுல ஒண்ணாவது ஒம்மேல ஒட்டாதாளா?" என்றார்.

விலங்கியல் டீச்சரைக் கட்டியவர் பேசுகிற பேச்சா இது? திட்டத்தான் வாயைத் திறந்தேன். யானைக்குக் கொடுக்க அவர் கொண்டுவந்த வெல்லம் விரலிடுக்கில் கசிந்துகொண்டிருந்தது. அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

பாகன் குழம்பிப்போய், "ஆர்க்கா பேடி?" என்று கேட்டார். பயம் யாருக்கு என்று.

நான் என் வீட்டுக்காரரைக் காட்டினேன்.

மாட்டேன் என்பார் என்றுதான் நினைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, தொப்பையை அமுக்கிக் குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நுழைந்தார். யானை இவரைப் பொருட்படுத்தவே இல்லை, ஓலையிலேயே கவனமாக இருந்தது. மூன்றாம் தடவை வெளியே வந்தவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

"நீ இல்லாம எனக்குச் சோறு எறங்காதுளா" என்றார். ஐம்பத்தொன்பது வயது மனுஷன் பாகன் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். என் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, தலையில் ஒட்டியிருந்த ஓலைத் துணுக்கை எடுத்துப்போட்டேன்.

அடுத்த வாரம் அதே நர்ஸ், அதே காகிதம். அவள் கேட்டு முடிப்பதற்குள் அவரே சொன்னார்: "என் பாரியைக்குக் கேன்சர். இடது மார்பை எடுக்கணும்."

குரல் அடைக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படிதான் சொன்னார். நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வார்த்தையை நான் அதுவரை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கூசாமல். அவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எனக்கு வந்திருக்கிறது என்று உறைத்தது. சாகப்போகிறேனோ என்று நினைத்தேன், முதல் தடவையாக. எல்லோர் முன்னாலும் அழுதேன்.

அவர் பேனாவை நர்ஸிடம் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அழு" என்றார். "நான் எங்கயும் போவ மாட்டேன்."