வேலியோரத்துக் கார்த்திகைப்பூ

செங்கம் ரோட்டில் எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு லாட்ஜ் நிற்கிறது. போன வாரம் அதன் வாசல் தொட்டியில் கார்த்திகைப்பூவைப் பார்த்ததும் பழைய கோபம் அப்படியே தலைக்கு ஏறியது.

எட்டு வயதில் மலையடிவாரத்திலிருந்து அதன் கிழங்கைக் கொண்டுவந்து வேலியோரம் நட்டு, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி, சுருண்ட இலை நுனிகள் பற்றி ஏற விளக்குமாற்றுக் குச்சிகளைச் செருகி, கிழங்கு விஷம் என்று அம்மா மிரட்டியதால் ஒவ்வொரு முறையும் சாம்பல் போட்டுக் கை கழுவி, படிப்பில் காட்டாத அக்கறையெல்லாம் அதில் காட்டினேன். கார்த்திகைத் தீபத்துக்கு முந்தின நாள் முதல் மொட்டு மஞ்சளாகி விளிம்பில் சிவக்கத் தொடங்கியது.

அந்தப் பூவைப் பார்த்தாலே கண்வலி வரும் என்பது எங்கள் தெருவின் தீர்ப்பு. பக்கத்து வீட்டு சரோஜாக்கா சிவந்த கண்களோடு அம்மாவிடம் வந்தாள்.

"இன்னாக்கா, உம்புள்ள வளக்குற பூவாலதான் எனக்கு இப்டி ஆச்சு. நாளைக்குத் தீபத்த எந்தக் கண்ணால பாக்கறது?"

"தெனம் பாக்கறது நானு. எனக்கு வரலியே?" என்றேன்.

"உனக்கு மூளையே வரல, கண்வலி எங்கருந்து வரும்?" என்றபடி அப்பா மண்வெட்டியை எடுத்தார்.

செடி குப்பைமேட்டில் காய்ந்து கிடந்தபோது, தீபக் கூட்டம் கலைந்த கையோடு தெருவுக்கே கண்வலி வந்தது. ஒருத்தரும் என்னிடம் வந்து வருத்தப்படவில்லை. எனக்கும் வந்தது, அழுததை மறைக்க அது வசதியாகப் போயிற்று.

தொட்டியருகே குனிந்தேன். வாட்ச்மேன் ஓடிவந்தார். "சார், தொடாதீங்க, விஷம்!"

"யாருகிட்டய்யா சொல்ற?" என்று கத்திவிட்டேன்.

பாவம் அவர். அப்பாவும் சரோஜாக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். திட்டுவதற்கு எனக்கு அவர்தான் கிடைத்தார்.