மேல் பாதி

வார்டு கூட்டத்தில் நோட்டு என் கைக்கு வந்தபோது ரேகை மையின் வாடை அடித்தது. எனக்கு முன்னால் யாரோ பெருவிரல் வைத்திருக்கிறார்கள். பக்கத்தின் கீழ்ப் பாதியில் வரிசையாகக் கையெழுத்துகள். மேல் பாதி வெறுமையாக இருந்தது.

ஒன்பது வயதில் எங்கள் ஊர்க் கிராமசபையில் அடித்ததும் இதே வாடைதான். ரெட்டியபட்டிக்குத் தெற்கே கரிசல்காட்டு ஊர். எங்கள் தெருவில் மட்டும் குடிதண்ணீர்க் குழாய் இல்லை. அம்மா பருத்தி எடுத்துவிட்டு நேரே வந்திருந்தாள். சேலையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

எழுத்தர் நோட்டை நீட்டினார். "கீழ போடுங்கம்மா. தீர்மானத்த மேல எழுதிக்கிருவோம்."

அம்மா பக்கத்தின் முதல் வரியில் கையெழுத்துப் போட்டாள்.

"அங்கதானம்மா தீர்மானம் வரணும்."

"குழாய் போடணும்னு எழுதி வாசிங்க. கீழ இன்னொண்ணு போட்டுத் தாரேன்."

எழுத்தர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, புதுப் பக்கத்தை அடுத்த வீட்டு அத்தையிடம் கொடுத்தார். அத்தை கீழே பெருவிரலை வைத்து, ஒட்டிய மையைத் தலைமுடியில் தடவிக்கொண்டார். எல்லோரும் அப்படித்தான் தடவுவார்கள்.

குழாய் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அம்மாவை யாரும் கூப்பிடவில்லை.

"கீழ போடுங்க மேடம், பின்னால ஆள் நிக்கிது," என்றார் வார்டு கூட்டத்தில் நோட்டைக் கொண்டுவந்தவர். நான் எங்கள் தெருச் சாக்கடைக்காக வந்திருந்தேன்.

அவர் காட்டிய இடத்தில் பேனாவால் போட்டேன். விரலில் மை ஏதும் இல்லை. ஆனாலும் கை தலைக்குப் போய்த் தடவிக்கொண்டது.