கழுத்தருகே ஒரு கத்தி

அந்தச் சலூன்காரரைத் தெருவில் எல்லோரும் 'பஞ்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். கை அவ்வளவு மிருது. சவரத்துக்கு உட்காருகிறவர்கள் பாதியிலேயே குறட்டை விட ஆரம்பித்துவிடுவார்கள்.

அன்று காலை நாற்காலியில் ஓய்வுபெற்ற தபால்காரர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கழுத்தெல்லாம் நுரை. பஞ்சு கத்தியை வைத்த நொடியில் எங்கிருந்தோ ஓர் எண்ணம் வந்து விழுந்தது: ஒரே இழுப்பு இழுத்தால்?

அவருக்கு உடம்பு சில்லிட்டது. தபால்காரர் மேல் துளிக் கோபம் இல்லை. கத்தியைக் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டார்.

"என்ன பஞ்சு, பாதி மூஞ்சியோடவே அனுப்பிடுவியா?"

"கத்தி மழுங்கிடுச்சு மாமா" என்று சொல்லி, மீதியை மெஷினால் முடித்தார்.

எண்ணம் விடவில்லை. விரட்ட விரட்டத் திரும்பி வந்தது. கத்திகளை டிராயரில் போட்டுப் பூட்டினார். பூட்டினோமா என்று மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தார். கடையைச் சீக்கிரமே சாத்தினார். வீட்டிலோ சமையலறைப் பக்கமே போவதில்லை. மகள் "அப்பா, தூக்கு" என்று கை நீட்டினால் முதுகுவலி என்று ஒதுங்கினார். தூக்கம் போயிற்று. 'நான் கொலைகாரனாகிக்கொண்டிருக்கிறேன். வெளியே சொன்னால் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் என்றைக்காவது செய்தே விடுவேன்.'

ஒருநாள் மத்தியானம் மனைவி வழிமறித்தாள். "ஏங்க, எம்மேல கோவம்னா என்னைத் திட்டுங்க. புள்ள என்ன பண்ணுச்சு?"

அவர் உடைந்து போனார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "என்னை எங்கயாவது அடைச்சு வச்சிடு" என்றார்.

அவள் முகம் வெளுத்தது. கை தன்னையறியாமல் மகளை இழுத்து அணைத்துக்கொண்டது. அதை அவரும் பார்த்தார்.

பிறகு அவள் கேட்டாள்: "அப்படிச் செய்யணும்னு ஆசையா இருக்கா உங்களுக்கு?"

"ஆசையா? நினைச்சாலே குமட்டுது!"

"அப்ப இது வேற என்னமோ. கிளம்புங்க, டாக்டர்கிட்ட போவோம்."

"எனக்கென்ன பைத்தியமா?"

"எனக்குத் தெரியலைங்க. தெரிஞ்சவங்களக் கேப்போம்."

மனநல மருத்துவர் ஒரு பெண்மணி. பஞ்சு உட்காரவே இல்லை. "மேசை மேல கத்தரிக்கோல் இருக்கும்மா. எடுத்து உள்ள வைங்க" என்றார்.

"அது இருக்கட்டும். நீங்க உக்காருங்க."

மருத்துவர் நிறையக் கேட்டார். காதில் குரல் கேட்கிறதா, யார் மீதாவது வன்மம் உண்டா, சாக வேண்டும் என்று தோன்றியதா என்றெல்லாம். எல்லாவற்றுக்கும் பஞ்சு இல்லை என்றே சொன்னார். கடைசியில் மருத்துவர் சொன்னார்: "இப்படி எண்ணம் எல்லாருக்கும் எப்பவாவது வந்துட்டுப் போகும். உங்களுக்குப் போகாம ஒட்டிக்கிச்சு. எண்ணச் சுழற்சி நோய்னு பேரு. உங்களுக்கு இருக்கிறது ஆசை இல்ல, பயம். தூக்கம் கெட்டு, தொழிலும் கெட்டப்பவே வந்திருக்கலாம். பரவால்ல, இப்பவாவது வந்தீங்களே."

பஞ்சு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

உடனே சரியாகிவிடவில்லை. மாத்திரையோடு பயிற்சியும் இருந்தது. எண்ணம் வந்தால் ஓடக் கூடாது, பூட்டை இழுத்துப் பார்க்கக் கூடாது. ஆரம்பத்தில் பயம் அதிகமாகத்தான் ஆயிற்று. இரண்டு தடவை பயிற்சியின் பாதியில் எழுந்து வந்துவிட்டார். மனைவிதான் பிடிவாதமாகத் திரும்பக் கூட்டிப்போனாள்.

பல மாதம் கழித்து, மகள் பக்கத்தில் உட்கார்ந்து கதையளக்க, அவர் வெங்காயம் நறுக்கினார். எண்ணம் வந்தது. நெஞ்சு படபடத்தது. அவர் நறுக்கிக்கொண்டே இருந்தார்.