அவர் எழுதியதை நான் பேசினேன்

எங்கள் துறையில் லேப் அசிஸ்டென்ட்டாக இருந்த ஒரு பெண் எழுதிய மென்பொருளை என்னுடையது போல மேடையேறிப் பேசினேன். அவர் பெயரை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தால் அதற்குள் நாலு சமாதானங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்தது. ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறைத் தலைவராக இருந்தேன். மென்பொருள் எழுதுபவர்களின் குழு ஒன்று சென்னையில் ஆண்டுதோறும் மாநாடு நடத்திவந்தது. அந்த முறை சிறிய ஊரில் நடத்தலாம் என்று எங்களிடம் இடம் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்னசேலம் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை அழைத்துவரக் கல்லூரிப் பேருந்து, கரண்ட் போனால் ஜெனரேட்டர், அரங்கம் முழுக்க வைஃபை என்று ஒரு மாதம் ஓடினேன்.

குழுவினர் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்கள். சிறப்பு விருந்தினர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், எழுதியவரே பேச வேண்டும்.

"வெளக்கு ஏத்தாம நம்ம தாளாளர் உள்ள வருவாரா சார்? கம்ப்யூட்டருக்கே எலுமிச்சம்பழம் சுத்தறவரு அவரு" என்று சிரித்தார் உடன் வேலை பார்த்த பேராசிரியர் ஒருவர்.

பேச விரும்புகிறவர்கள் சுருக்கம் எழுதி அனுப்ப வேண்டும். பெயரை மறைத்துவிட்டு நாங்களும் அவர்களும் மதிப்பெண் போடுவோம். அப்படி வந்ததில் ஒன்று கல்வராயன் மலையைப் பற்றியது. சிக்னல் இல்லாத ஊர்களில் போன் என்பது பாட்டுக் கேட்கவும் டார்ச் அடிக்கவும்தான் என்று அது தொடங்கியது. மலைக்குப் போகும் பேருந்தின் கண்டக்டர் போனில் சேதிகளை ஏற்றிவிட்டால், வண்டி நிற்கும் இடங்களில் காத்திருக்கும் போன்களுக்கு அவை புளூடூத்தில் தானாக இறங்கிக்கொள்ளும். நான்தான் அதற்கு அதிக மதிப்பெண் போட்டேன். பெங்களூர்க்காரர் யாரோ அருவி பார்க்க வந்த இடத்தில் யோசித்தது என்று நினைத்தேன்.

மறைத்திருந்த பெயர்களை நான் திறந்தபோது எங்கள் லேப் அசிஸ்டென்ட்டின் பெயர் இருந்தது. கரியாலூர்ப் பக்கம் தினையும் சாமையும் விதைக்கிற குடும்பம். டிப்ளமோ படித்தவர். கணினிகளுக்குத் தூசி தட்டுவது, மவுஸ் மாற்றுவது, மாணவர்கள் போன பிறகு லேபைப் பூட்டுவது இவைதான் அவர் வேலை என்று நினைத்திருந்தேன். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் இத்தனை பேர் இருக்கும் துறையிலிருந்து இவர் மட்டும் மேடையேறினால் தாளாளர் என்ன கேட்பார் என்பதுதான் முதலில் மனதில் ஓடியது.

கூப்பிட்டு அனுப்பினேன். வந்து நின்றார். துறைத் தலைவர் முன்னால் லேப் அசிஸ்டென்ட் உட்காரும் வழக்கம் இல்லை. நானும் உட்காரச் சொல்லவில்லை.

"நீதான் எழுதினியாம்மா?"

"ஆமாங்க சார். லேப் சாத்தறதுக்கு முன்னாடி கொஞ்ச கொஞ்சமா எழுதனேன். தப்புங்களா?"

"தப்பில்ல. ஆனா ஃபேகல்டிதான் பேசணும்னு கமிட்டியில சொல்லிட்டாங்க. நான் பேசிடறேன். ஸ்லைடு மட்டும் நீ ரெடி பண்ணிக் குடு."

எந்தக் கமிட்டியும் அப்படிச் சொல்லவில்லை. மாணவர்கள் எழுதும் கட்டுரையில் வழிகாட்டியின் பெயரை முதலில் போட்டுப் பழகிய கை என்னுடையது. பொய் சொல்லும்போது குரல்கூட மாறவில்லை.

அவர் சரியென்று தலையாட்டினார். பிறகு, "எங்கப்பா வரேன்னு சொல்லிக்கினு இருக்காரு சார். தெனை அறுப்பக்கூட தள்ளி வெச்சிட்டாரு. நான் பேசலன்னாலும் வரலாங்களா?" என்று கேட்டார்.

"வரட்டும். பின்னாடி உக்காரச் சொல்லு."

அடுத்த வாரம் முழுவதும் அவர் நின்றுகொண்டே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நடுநடுவே பந்தல்காரரும் பேனர்காரரும் போன் செய்துகொண்டிருந்தார்கள்.

"ஒரே சேதி ரெண்டு பஸ்ஸுல வந்தா இன்னா ஆவும்னு கண்டிப்பா கேப்பாங்க சார். அதுக்குத்தான் ஜாஸ்தி நாள் ஆச்சு. இங்க பாருங்க."

"அதெல்லாம் பாத்துக்கலாம்மா. காலேஜ் சின்னத்த இன்னும் பெருசா போடு."

குழுவுக்கு அனுப்பிய பட்டியலில் எழுதியவர் என்று என் பெயரைப் போட்டேன். கழுத்தில் மாட்டும் அட்டைகளையும் நானே சரிபார்த்தேன். என் அட்டையில் 'பேச்சாளர்', அவருடையதில் 'தன்னார்வலர்'.

மாநாட்டன்று அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஸ்லைடு நகர்த்திக்கொண்டிருந்த அவரைக் கேட்டிருக்கலாம், ஓரடி தூரம்தான். "மலைக்கு ஒரு பஸ்தான் போகுது, அதனால அந்தப் பிரச்சினையே வராது" என்றேன். வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்து அரங்கம் சிரித்தது. கடைசி வரிசையில் தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர் எழுந்து, "மூணு பஸ்ஸு போவுதுங்க!" என்று குரல் கொடுத்தார். லேப் அசிஸ்டென்ட்டின் அப்பா. அதற்கும் சிரித்தார்கள். மகள் மட்டும் மடிக்கணினிமேல் குனிந்துகொண்டார்.

வேறு மலைகளிலும் இதைச் செய்து பார்க்கலாம் என்று சென்னை இளைஞர்கள் இருவர் என் எண்ணை வாங்கிப் போனார்கள். பிறகு சந்தேகங்கள் எழுதிக் கேட்டார்கள். எனக்கு விடை தெரியாது. அவரிடம் கேட்கக் கூச்சம். பதில் போடாமல் விட்டேன். அந்த வேலை அதோடு நின்றது. சில மாதங்களில் அவரும் வேலையை விட்டுப் போனார்.

ஓய்வுபெற்ற பிறகுதான் நடந்ததையெல்லாம் எழுதி அந்தக் குழுவுக்கு அனுப்பினேன். இணையத்தில் இருந்த என் மாநாட்டுப் பேச்சின் வீடியோவுக்குக் கீழ் என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட்டார்கள். அதைச் சொல்லப் பேருந்து ஏறிக் கரியாலூர் போனேன். அவர் அங்கே சான்றிதழ்களுக்கு விண்ணப்பித்துத் தரும் ஒரு சிறிய கணினி மையம் வைத்திருந்தார். காத்திருந்தவர்களை விலக்கி எனக்கு நாற்காலி போட்டார். எல்லோர் முன்னாலும் நான் பொய் சொன்னதைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். என் போனில் வீடியோவைக் காட்டினேன்.

முழுவதும் பார்த்தார். "எம்பேரு கீழ இருக்குது, நீங்க நின்னு பேசறீங்க. ஒரு பஸ்ஸுதான்னு சொல்றீங்க. இப்ப அத நான் சொன்ன மாதிரி ஆயிட்டுதே சார். பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

அது எனக்குத் தோன்றவே இல்லை.

"எடுத்துடச் சொல்றேங்க" என்றேன். முதன்முறையாக அவரை 'ங்க' போட்டுப் பேசினேன்.

"எடுத்துடுங்க."

"இந்த வருஷ மாநாட்டுல நீங்களே பேசலாம். நான் அவங்களுக்கு எழுதறேன்."

"டவர் வந்துட்டுது சார். பசங்க போன்ல படம் பாத்துக்கினு போறாங்க. பஸ்ஸுல சேதி அனுப்பறத இனிமே யாருக்கு சொல்றது? அப்ப சொல்லியிருந்தா அது வேற." குரலில் கோபம் இல்லை. காத்திருந்த ஒருவரிடம் ஆதார் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரையின் பக்கம் திரும்பினார்.

வீடியோவை எடுத்துவிட்டார்கள். அந்த மென்பொருளோடு அவர் பெயர் சேர்ந்திருந்த ஒரே இடமும் அதோடு போயிற்று. குழுவினர் அவருக்கு நேரடியாக அழைப்பு அனுப்பினார்கள். பதில் வரவில்லையாம். நான் மறுபடி மலைக்குப் போகவில்லை. போனால் அது என் பாரத்தை இறக்கிவைக்கப் போவதாகத்தான் இருக்கும். வரிசையில் நிற்பவர்களை விட்டுவிட்டு அவர் மறுபடியும் எனக்கு நாற்காலி போட வேண்டியிருக்கும்.