எங்கள் தெருவின் ஒரே பார்வையாளர்

எங்கள் வில்லோ வட்டத் தெருவில் மொத்தம் பதினொரு வீடுகள். ஒவ்வொரு வருடமும் அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை நான்காம் தேதி காலை பத்து மணிக்குப் பத்து வீட்டுக்காரர்கள் சைக்கிளில் சிவப்பு, வெள்ளை, நீலக் காகித நாடாக்களைச் சுற்றிக்கொண்டு ஊர்வலம் போவோம். பதினொன்றாவது வீட்டு வெண்டல் க்ரூபர் தன் புல்வெளியில் மடக்கு நாற்காலி போட்டுப் பார்ப்பார். எங்கள் சுதந்திர தின ஊர்வலத்துக்கு வரும் மொத்தக் கூட்டமே அவர்தான்.

பத்தொன்பது வருடமாக அந்த வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்தார். மெத்தை ஆலையில் ஸ்பிரிங் சோதித்து ஓய்வு பெற்ற மனிதர். உட்காருவது அவருக்குக் கைவந்த கலை. கையில் சின்னக் கொடி. ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனித்தனியாகக் கத்துவார். என் பின்சக்கரம் கோணல் என்பது ஊருக்கே தெரியும். என்னைப் பார்த்தும், "அடேங்கப்பா, என்ன ஓட்டம்!" என்பார். வருடத்தில் வேறு யாரும் என்னை அப்படிப் பாராட்டுவதில்லை, என் மனைவி உட்பட.

இந்த ஜூன் மாதம் அவர் ஒரு மூன்று சக்கர சைக்கிள் வாங்கிவிட்டார்.

ஊர்வலத் தலைவி லோர்னா பிக்கெட்டின் வீட்டில் கூட்டம். பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றும் கழுத்திலிருந்து விசில் இறங்கவில்லை.

"இந்தத் தடவை நானும் வரேன், லோர்னா," என்றார் வெண்டல். "எழுபத்தொண்ணு ஆச்சு. ஒரு தடவையாவது என்னையும் நாலு பேர் பாக்கட்டுமே."

"நீ வந்துட்டா எங்கள யாருய்யா பாப்பாங்க?"

வாக்கெடுப்பு நடந்தது. பத்துக்கு ஒன்று. நானும் அவருக்கு எதிராகத்தான் கை தூக்கினேன். எனக்கு அந்த 'அடேங்கப்பா' வேண்டியிருந்தது. தட்டிலிருந்த உருளைக்கிழங்கு சாலடைத் தொடாமலே வெண்டல் எழுந்து போனார். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

நான்காம் தேதி. சக்கரக் கம்பிகளில் செருகிய சீட்டுக்கட்டு அட்டைகள் படபடக்க அவர் வீட்டு முன்னால் வந்தோம். நாற்காலி காலி. லோர்னா பேருந்துப் பழக்க தோஷத்தில் விசில் ஊதி, 'நில்' என்று கையைத் தூக்கினார். எல்லோரும் ஒரே நேரத்தில் பிரேக் பிடித்து ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டோம்.

அப்போது கராஜ் கதவு திறந்தது. நட்சத்திரம் போட்ட அரைக்கால் சட்டையோடு மூன்று சக்கரத்தில் வந்தார் வெண்டல்.

"தள்ளுங்க, தள்ளுங்க!"

"ஓட்டுப் போட்டோமே, வெண்டல்!" என்று லோர்னா கத்தினார்.

"உங்க ஊர்வலத்துல சேரக்கூடாதுன்னுதானே? இது வேற ஊர்வலம்!" என்றபடி எதிர்த்திசையில் திரும்பிவிட்டார்.

யாரும் ஒன்றும் முடிவு செய்யவில்லை. சைக்கிள்களைப் புல்லில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தோம். லோர்னா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து கொடியை எடுத்துக்கொண்டார். வட்டத் தெரு அல்லவா, வெண்டல் சுற்றி வந்தார். "அடேங்கப்பா, என்ன ஓட்டம்!" என்று முதலில் கத்தியது நான்தான். அவர் முகம் தக்காளியாகச் சிவந்தது.

மூன்றாவது சுற்றில் என் மனைவி, "போதும் வெண்டல், குச்சி ஐஸ் எல்லாம் உருகுது!" என்றாள்.

"உருகட்டும்," என்றார் லோர்னா. "வருஷத்துக்கு ஒண்ணுன்னு அவனுக்கு மொத்தம் பத்தொம்பது சுத்து கணக்கு இருக்கு. நீ ஓட்டுய்யா!"

ஏழாவது சுற்றில் அவருக்கு மூச்சு வாங்கியது. மீதிப் பன்னிரண்டுக்கும் பின்னாலிருந்து தள்ளியவன் நான். இடுப்பு ஒடிந்துவிட்டது. கடைசிச் சுற்றில் வெண்டல் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"அடேங்கப்பா, என்ன தள்ளு!"