தனேஷுக்கு ஆட்டிசம், அன்பரசிக்குத் திமிர்

ரவாங் டவுனில் அந்தப் பிறந்தநாள் ஹாலுக்குள் நுழைந்ததுமே நவமணிக்கு எரிச்சலாக வந்தது. அக்கா லோகேஸ்வரி தன் மகன் தனேஷுக்குப் பிறந்தநாள் வைத்திருந்தாள். வாசலிலேயே ஒட்டியிருந்தார்கள்: பலூன் உடைக்கக் கூடாது, கை தட்டக் கூடாது, பாட்டைச் சத்தமாக வைக்கக் கூடாது. பையனுக்கு ஆட்டிசம். காதில் பெரிய ஹெட்போன், பக்கத்தில் சம்பளத்துக்கு ஒரு டீச்சர். நல்லது. பிள்ளைக்கு வேண்டியது கிடைக்கிறது, அதில் நவமணிக்குப் பொறாமை இல்லை.

வயிறு எரிந்தது வேறு காரணத்துக்காக. அவளுடைய ஆறு வயது மகள் அன்பரசியும் காதைப் பொத்திக்கொண்டுதான் நின்றாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், சட்டைக் காலர் உரசினால் கத்துவாள், வீட்டிலிருக்கிற செருப்பையெல்லாம் வரிசையாக அடுக்குவாள். பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம், அவர்கள் தோட்டத்துப் பாலர் பள்ளியில் அதற்குப் பெயர் திமிர். "வளர்ப்பு சரியில்லம்மா, ரெண்டு போடு போட்டு அனுப்புங்க" என்று சொல்லிப் பள்ளியை விட்டே நிறுத்திவிட்டார்கள்.

நவமணி எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். புருஷன் அழகேசன் லோரி ஓட்டுகிறான். அடுத்த வருஷம் பிள்ளை பெரிய பள்ளியில் முதலாம் ஆண்டு போக வேண்டும். டாக்டர் பார்த்து இன்னதென்று சொன்னால் சிறப்பு வகுப்பில் இடம் கேட்கலாம். இல்லையென்றால் அங்கேயும் அடிதான். எங்கே போவது, யாரைக் கேட்பது? அதெல்லாம் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். அதற்காகத்தான் பஸ் ஏறி வந்தாள்.

கேக் வெட்டி முடித்ததும் அக்காவைத் தனியாக ஒதுக்கி, மெதுவாகக் கேட்டாள். லோகேஸ்வரியின் முகம் சுருங்கியது.

"உம் புள்ளைக்கு அதெல்லாம் இல்லடி. சும்மா முரட்டுத்தனம். இது படிச்சவங்க வீட்டுலதான் வருமாம். எங்க வீட்டுக்காரரு இன்ஜினியரு, மூளைக்கார குடும்பம். தோட்டத்துல யாருக்கு வந்திருக்கு, சொல்லு பாப்போம்?"

அடக் கண்றாவியே! தோட்டத்து லயத்து வீட்டில், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் பேசுகிற பேச்சா இது? பிள்ளைக்கு வந்ததையும் நகை மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு மினுக்குகிறாளே!

அந்த நேரம் பார்த்து மேசைக்கடியில் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்டிக் கரண்டிகளை வரிசையாக அடுக்கினார்கள். தனேஷ் ஒன்று வைத்தால் அன்பரசி அடுத்ததை வைத்தாள். பேச்சு இல்லை, சண்டை இல்லை. அக்கா புருஷன் புவனேசன் குனிந்து பார்த்துவிட்டு மகனை வெடுக்கென்று வெளியே இழுத்தான்.

"இதுகூடல்லாம் சேராத லா, கெட்ட பழக்கம் ஒட்டிக்கும்."

தூ! வாயிலிருந்த கேக்கை நவமணி அங்கேயே டிஷ்யூவில் துப்பினாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள்.

அரசாங்கக் கிளினிக்கில் தானே போய் விசாரித்தாள். குழந்தைகளுக்கான டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். காத்திருந்தாள். செய்தி எப்படியோ அக்கா காதுக்குப் போய்விட்டது. முறை வருவதற்கு முதல் நாள் போன் வந்தது.

"மணி, டாக்டர்கிட்ட எங்க பேரை எடுத்துடாதடி. உம் புள்ளைக்கும் இருக்குன்னா, என் வழியா வந்த சீக்குன்னு மாமியார் வீட்டுல என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க. தோட்டத்துக்காரின்னு இப்பவே இளக்காரம்." சொல்லிவிட்டு அழுதாள்.

இதுதானா சங்கதி! இன்ஜினியர் வழியாக வந்தால் மூளை, தோட்டத்து வழியாக வந்தால் சீக்கு. நவமணிக்கு அக்கா மேல் பரிதாபம் வந்தது. அருவருப்பு அதைவிட அதிகமாக வந்தது.

டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். அன்பரசியோடு தரையில் உட்கார்ந்து வெகுநேரம் மரக்கட்டைகளை அடுக்கினார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இது வருமா என்று நவமணி மலாயில் கேட்டாள்.

"எந்த வீட்டிலும் வரும். வசதியான வீட்டில் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்" என்றார் டாக்டர். பிறகு கேட்டார், "குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா?"

அக்காவின் அழுகை இன்னும் காதில் கேட்டது. கீழே அன்பரசி ஒரு கட்டையை வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்ததை வைக்க இன்னொரு கை வருமென்று காத்திருந்தாள்.

"இருக்கு" என்றாள் நவமணி. "எங்கூடப் பொறந்த அக்கா மகன். பேரு தனேஷ்."